பிரஞ்ச் சாப்பிடப் போனோம்!

“அம்மா! ஞாயிற்றுக்கிழமை நீ அடுப்புப் பக்கமே போகாதே. வெளியே பிரஞ்ச் சாப்பிடப் போறோம்” என்றாள் என் மகள்.

“பிரெஞ்சுக்காரங்க சாப்பாடா? அதெல்லாம் எனக்கு ஒத்துக்குமாடி?”

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச் இரண்டையும் ஒட்டவைத்த பெயராம் அது! ஞாயிறு காலையில் தாமதமாக எழுகிறவர்கள் இரண்டு வேளைக்கும் சேர்த்து ஒரே வேளையாகச் சாப்பிட்டால் என்ன என்று 1895-ல் இங்கிலாந்தில் ஒருவர் பத்திரிகையில் எழுதினாராம். எங்கள் பாட்டி வீட்டில் பத்தரை மணிக்கே இலை போட்டுவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் நாங்கள் தினமும் பிரஞ்ச்தான் சாப்பிட்டிருக்கிறோம்!

மகளுக்கு இது இரண்டாவது பிரசவம்; ஏழாம் மாதம். உதவிக்காக அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து சின்சினாட்டிக்கு வந்திருந்தேன். நாங்கள் போன பேட்டைக்குப் பெயர் ‘ஓவர் த ரைன்’. அதாவது, ரைன் நதிக்கு அக்கரை. நதி எங்கே என்று தேடாதீர்கள்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய ஜெர்மானியர்கள், ஊரை ஒட்டி ஓடிய கால்வாய்க்குத் தங்கள் ஊர் நதியின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். இப்போது கால்வாயும் இல்லை. அதன் தடத்தில் அகலமான சாலை போகிறது.

பிற்காலத்தில் பேட்டை நொடித்துப் போனது. 2001-ல் பெரிய கலவரமே நடந்ததாம். அதன்பிறகு பழைய செங்கல் கட்டடங்களைப் பழுதுபார்த்தார்கள். 2012-ல் பூங்காவைப் புதுப்பித்துத் திறந்தார்கள். 2016-ல் டிராம் வந்தது. கூடவே ஓட்டல்களும் வந்தன. வாடகை ஏறியதால் வெளியேற வேண்டிவந்த ஏழைக் குடும்பங்களும் உண்டு என்று மாப்பிள்ளை சொன்னபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

நாங்கள் போனது புதிதாகத் திறந்த ஓட்டல். பூசாத செங்கல் சுவர், வாசலில் வரிசை. எனக்குக் கறுப்பு பீன்ஸ் பர்கர். நம்ம ஊர் மசால் வடையைப் பெரிசாகத் தட்டி, பன்னுக்கு நடுவே வைத்த மாதிரி! மாப்பிள்ளையும் நாலு வயசுப் பேரனும் கோழி பர்கர். மகள் கேட்டது ‘எக்ஸ் பெனடிக்ட்’. முட்டையை உடைத்து வெந்நீரில் அரைவேக்காடாக எடுத்து, ரொட்டிமேல் வைத்து, வெண்ணெயில் செய்த மஞ்சள் சாஸை ஊற்றித் தருவார்கள்.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெனு அட்டையைப் புரட்டினேன். அடியில் பொடி எழுத்தில், சரியாக வேகாத இறைச்சியும் முட்டையும் உடம்புக்குக் கெடுதல் செய்யலாம் என்று அச்சடித்திருந்தது.

“ஏண்டி, இந்த முட்டை உனக்கு வேண்டாமே...”

அவ்வளவுதான். “ஆரம்பிச்சுட்டியா? கிரகணத்துல வெளியே வராதே, ராத்திரி தலைக்குக் குளிக்காதே, கத்தரிக்காய் தின்னாதே... இப்போ முட்டையுமா? ஒரு நாள் என்னை நிம்மதியா சாப்பிட விடேன்மா!”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பரிமாற வந்த பெண்ணிடம் என் அரைகுறை இங்கிலீஷில் கேட்டேவிட்டேன். அவள் முகம் சுளிக்கவில்லை. உள்ளே போய் விசாரித்து வந்தாள். சாஸ் அங்கேயே செய்வது, பச்சை மஞ்சள் கரு, லேசான சூடுதான் காட்டுவார்கள், கர்ப்பிணிக்கு நன்றாக வெந்த ஆம்லெட் தருகிறோம் என்றாள். மகள் பேசாமல் தலையாட்டினாள்.

பக்கத்து மேஜையில் மாட்டிறைச்சி பர்கரை உள்ளே சிவப்பாக இருக்கும்படி கேட்டு வாங்கினார்கள். முழுத்துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்புறத்தில்தான் இருக்கும். சூடு பட்டால் செத்துவிடும். கொத்தி அரைக்கும்போது மேலே இருந்தது உள்ளேயும் கலந்துவிடுகிறது. அதனால் அரைத்த மாடு, ஆடு என்றால் நடுவில் 71 டிகிரி செல்சியஸ், கோழி என்றால் 74 டிகிரி சூடு ஏற வேண்டும். நிறத்தைப் பார்த்து மட்டும் வெந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

திரும்பும்போது டிராமில் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“காரணம் சொன்னா கேட்டுக்குவேன்மா. சும்மா ‘கூடாது’ன்னா கோபம் வருது.”

“கிரகணத்துக்கு எனக்கே காரணம் தெரியாதுடி. என் மாமியார் சொன்னதை உனக்குச் சொன்னேன்” என்று ஒப்புக்கொண்டேன். இருவரும் சிரித்துவிட்டோம். அன்றிலிருந்து காரணம் சொல்ல முடிந்தால்தான் ‘கூடாது’ என்கிறேன். கத்தரிக்காய்க் குழம்பும் மறுநாளே வைத்துக் கொடுத்தேன்!

‘அமெரிக்கா கதை நமக்கெதற்கு?’ என்கிறீர்களா? நம் ஊரிலும் தெருவுக்கொரு பர்கர் கடை வந்தாச்சே! பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடை செய்ததும் இதே காரணத்தால்தான். ஆகவே சகோதரிகளே, இவற்றை மனதில் வையுங்கள்:

* கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் முட்டையின் மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேக வேண்டும். இவர்களுக்குக் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைவு. வாந்தி, பேதி என்று வந்தால் உடம்பில் நீர் வற்றிவிடும்.

* மயோனைஸ் முட்டையில் செய்ததா என்று கேளுங்கள். வீட்டில் செய்வதானால் முட்டை சேர்க்காமல், கெட்டித் தயிரை வடிகட்டி, உப்பு, மிளகு, எலுமிச்சைச் சாறு கலந்தாலே ருசியாக இருக்கும்.

* பச்சை இறைச்சி தொட்ட கத்தி, பலகையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெங்காயம், தக்காளி நறுக்காதீர்கள்.

* ஓட்டலில் ‘இது எப்படிச் செய்தது?’ என்று கேட்க வெட்கப்படவே வேண்டாம். பதில் சொல்லத் தயங்குகிற கடையில் நமக்கென்ன வேலை?