பென் டிரைவில் ஒரு புது மூளை!

கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. கறுப்புத் திரைதான் தெரிகிறது. உள்ளே மகளின் கல்யாணப் படங்கள்! எல்லாம் போய்விட்டதா?

பதறாதீர்கள்.

கம்ப்யூட்டரை நடத்துவது "ஆபரேட்டிங் சிஸ்டம்". அது கெட்டாலும், டிஸ்க்கில் உள்ள படங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வீட்டுக்காரர் மயங்கி விழுந்தால் பீரோவில் உள்ள நகை மறைந்துவிடுமா, என்ன?

வேறொரு சிஸ்டத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து கம்ப்யூட்டரை எழுப்பலாம்!

ஜெர்மனி என்ஜினீயர் கிளவுஸ் க்னோப்பர் 2000-ம் ஆண்டில் "க்னோப்பிக்ஸ்" என்ற சிஸ்டத்தை வெளியிட்டார். அது முழுவதும் ஒரே சி.டி.யில் அடங்கியது. இப்போது பென் டிரைவே போதும். விலையும் இல்லை, இலவசம்!

எப்படிச் செய்வது?

நல்ல கம்ப்யூட்டர் ஒன்றில் அதை பென் டிரைவில் ஏற்றவேண்டும். (அந்த பென் டிரைவில் ஏற்கனவே இருப்பது அழிந்துவிடும். ஜாக்கிரதை!) பிறகு அதைப் படுத்துவிட்ட கம்ப்யூட்டரில் செருகுங்கள். பட்டனை அழுத்தியதும் எப்-12 போன்ற ஒரு விசையைத் தட்டி, பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். விசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

திரையில் வெளிச்சம் வரும்! படங்களை வேறொரு டிரைவுக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம்.

டிஸ்க்கே பழுதாகியிருந்தால் இந்த வித்தை பலிக்காது. டிஸ்க்குக்கு ரகசியப் பூட்டு போட்டிருந்தால், அதன் சாவி எண் வேண்டும்.

"சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றித் தருகிறேன்" என்று கடைக்காரர் சொன்னால், உடனே தலையாட்டாதீர்கள். படங்கள் அப்போதுதான் அழிந்துபோகக் கூடும். முதலில் அவற்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.