கண்புரை நீக்கும் குழல்முனைகள்

கண்பாவைக்குப் பின்னால் பளிங்கு போன்ற லென்சு ஒன்று உள்ளது. முதுமையில் அதிலுள்ள புரதங்கள் திரண்டு, லென்சு மங்குவதையே கண்புரை என்கிறோம். மங்கிய லென்சை முழுதாக எடுத்த நாளில் கருவிழியோரம் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை கீறித் தையல் போட வேண்டியிருந்தது. லென்சைக் கண்ணுக்குள்ளேயே நொறுக்கி உறிஞ்சும் ‘பேகோ’ முறைக்கோ 3 மில்லிமீட்டருக்கும் குறைந்த கீறலே போதும். இதைச் செய்வது டைட்டேனிய உலோகத்தாலான ஒரு மெல்லிய குழல்.

பல் மருத்துவம் தந்த கருத்து

நியூயார்க் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் கெல்மன், பல்லில் படிந்த காறையை நீக்கும் கேளாவொலிக் கருவியைக் கண்டார். அதே அதிர்வால் லென்சையும் நொறுக்கலாமே என்று எண்ணினார். 1967இல் தம் முறையை வெளியிட்டார்.

இக்காலக் கருவியின் கைப்பிடியில் உள்ள படிகங்கள், மாறுமின்சாரம் பாயும்போது சுருங்கி விரிகின்றன. அதனால் குழலின் முனை நொடிக்குச் சுமார் 40,000 முறை முன்னும் பின்னும் அதிர்கிறது. குழலைச் சுற்றியுள்ள சிலிக்கோன் உறை வழியே திரவம் உட்புகுந்து, கண் சுருங்காமலும் சூடேறாமலும் காக்கிறது. நொறுங்கிய துகள்கள் குழலின் துளை வழியே வெளியேறுகின்றன.

வேலை நடக்கும் இடமோ மிகக் குறுகியது. முன்புறம் கருவிழி, அதன் உட்பரப்புச் செல்கள் அழிந்தால் மீண்டும் பெருகுவதில்லை. பின்புறம் லென்சின் உறை; அதன் பின்சுவர் நடுவில் சுமார் 4 மைக்ரோமீட்டர் தடிப்பே உடையது. தலைமுடியின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! செயற்கை லென்சு அமர வேண்டியதும் அந்த உறையில்தான். எனவே முனை இரண்டையும் செய்தாக வேண்டும்: துண்டை நழுவவிடாமல் பற்ற வேண்டும், குறைந்த அதிர்வில் நொறுக்கவும் வேண்டும்.

நேர்வெட்டா, சாய்வெட்டா?

இளநீர் குடிக்கும் உறிஞ்சுகுழல் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் நுனியை நேராகவும், மற்றதைச் சாய்வாகவும் வெட்டுங்கள். மேசைமேல் ஒரு தாளை வைத்து, குழலைச் செங்குத்தாகப் பிடித்து உறிஞ்சுங்கள். நேர்வெட்டுக் குழலில் தாள் உடனே ஒட்டிக்கொள்ளும். சாய்வெட்டுக் குழல் காற்றைத்தான் இழுக்கும். ஆனால் பப்பாளித் துண்டில் குத்திப் பாருங்கள். சாய்வெட்டே எளிதில் இறங்கும்.

அறுவைக் குழலிலும் இதே நிலைதான். நேர்வெட்டு முனையை 0 பாகை என்பர். 15, 30, 45, 60 பாகைச் சாய்வுகளும் உண்டு. சாய்வு கூடக்கூட வாயின் பரப்பும் கூடுகிறது: 45 பாகையில் நேர்வெட்டைப்போல் 1.4 மடங்கு, 60 பாகையில் 2 மடங்கு. கெட்டியான புரையில் பள்ளம் தோண்ட இது ஏற்றது. ஆனால் அகன்ற வாய் முழுதும் அடைபடுவது கடினம். அடைபடாவிட்டால் பிடிப்பு இல்லை. 30 பாகை, இரண்டுக்கும் இடைப்பட்ட சமரசம்.

பிடிப்பு எவ்வளவு? 0.9 மில்லிமீட்டர் விட்டமுள்ள நேர்வெட்டு வாயில், 300 மில்லிமீட்டர் பாதரச அளவு உறிஞ்சழுத்தம் இருந்தால், விசை சுமார் 2.6 கிராம் எடைக்குச் சமம். விட்டம் பாதியானால் விசை நாலில் ஒன்றாகும். அப்படியானால் குழல் முழுவதையும் அகலமாக்கலாமே என்பீர்கள். அதில் ஓர் ஆபத்து உண்டு. வாயை அடைத்த துண்டு உடைந்ததும் திரவம் திடீரெனப் பாயும். பின்சுவர் முன்னால் இழுக்கப்பட்டுக் கிழியக்கூடும். இதைத் தடுக்கவே வாய் அகன்று, தண்டு குறுகிய முனைகளைச் செய்தனர். வாய் பிடிப்பைத் தருகிறது. தண்டு பாய்ச்சலை அடக்குகிறது.

வளைந்த முனை

கெல்மன் பெயரால் வழங்கும் முனை, நுனிக்கருகே சுமார் 22 பாகை வளைந்தது. முன்பின் அதிர்வு துண்டை எட்டித் தள்ளுவதும் உண்டு. இக்குறையைப் போக்க, குழலை முறுக்கி அதிரச் செய்யும் முறை இந்நூற்றாண்டில் வந்தது. நேரான குழலை முறுக்கினால் அது தன் அச்சிலேயே சுழலும். வளைந்த முனையோ பக்கவாட்டில் அசைந்து, துண்டைத் தள்ளாமல் சீவுகிறது.

ஆகவே எல்லாக் கண்ணுக்கும் ஏற்ற ஒரே முனை என்று எதுவும் இல்லை. மென்மையான புரைக்குப் பிடிப்பும் உறிஞ்சலுமே பெரும்பாலும் போதும்; கெட்டியான புரைக்குக் கூர்மையும் வளைவும் உதவும். மிகவும் முற்றிய புரையில் அதிர்வைத் தவிர்த்து, சற்றுப் பெரிய கீறல் வழியே லென்சின் கருவை முழுதாக எடுப்பதே நலமாவதும் உண்டு. புரையின் தன்மையை முதலில் அறிந்து, பிறகே முனையைத் தேர்கிறார் மருத்துவர்.