அமர்வதற்கு ஓர் இருக்கை

குமணன்சாவடிக் கடைத்தெருவில் துணிக்கடைப் பணிப்பெண்கள் நின்றவாறே பணிபுரிவதை நாம் கண்டிருக்கிறோம். தறிக்குழியில் அமர்ந்து நெய்பவருக்கு அவ்வலி எளிதில் விளங்காது. அமர்ந்தால் சோம்பல் என்று எண்ணும் முதலாளிகளே, ஆள் நிலைப்பதில்லை என்றும் குறைப்படுகின்றனர்!

1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையை வகுத்தது. 4 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாது வேலை வாங்கலாகாது என்றும், இடையே 1 மணி நேர ஓய்வு வேண்டுமென்றும் கூறியது. ஆனால் இருக்கையைப் பற்றிப் பேசவில்லை. கேரளம் 2018-இல் அக்குறையைத் தீர்த்தது. தமிழகமும் 2021-இல் சட்டத்தைத் திருத்தி, பணியிடையே வாய்ப்பு நேரும்போது ஊழியர் அமர்வதற்கு இருக்கை வேண்டுமென விதித்தது.

அங்கத்தினர்களே, நமது சங்க விற்பனை நிலையத்தில் எத்தனை முக்காலிகள் உள்ளன? அடுத்த பொதுக்குழுவில் நிர்வாகக் குழுவினரை வினவுங்கள்.