தப்பிக்காத அனஸ்தாசியா

அனஸ்தாசியா தப்பிவிட்டாள் என்று நம்ப ஒரு காலத்தில் பெரியவர்களே ஆசைப்பட்டார்கள். ரஷ்யாவின் கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலஸின் நான்கு பெண்களில் இளையவள் அவள். 1918 ஜூலை 17 அதிகாலையில், யெகாடெரின்பர்க் நகரத்து இபாத்தியேவ் வீட்டின் கீழறையில், அங்கே காவலில் இருந்த அந்தக் குடும்பத்தார் ஏழு பேரும் உடனிருந்த நான்கு பேரும் கொல்லப்பட்டார்கள். புதைத்த இடம் வெளியே தெரியவில்லை. கதை முளைக்க அது போதாதா? 1920இல் பெர்லின் கால்வாயிலிருந்து மீட்கப்பட்ட ஒரு பெண், பின்னாளில் அன்னா ஆண்டர்சன் என்ற பெயரோடு, தானே அனஸ்தாசியா என்று கடைசிவரை சொல்லிவந்தார். 1956இல் இங்கிரிட் பெர்க்மன் நடித்த படம் வந்தது. 1997இல் கார்ட்டூன் படமும் வந்தது. பிள்ளைகளுக்கு நாம் கொடுத்த அனஸ்தாசியா, நினைவிழந்து அலைந்து, கடைசியில் பாட்டியைக் கண்டடையும் பெண்.

1991இல் அவர்களைப் புதைத்த காட்டுக் குழியைத் தோண்டினார்கள். இரண்டு பிள்ளைகளின் எலும்புகள் அதில் இல்லை. நம்பிக்கை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு கிடந்தது. 1994இல் மரபணுச் சோதனை அன்னா ஆண்டர்சன் அந்த வீட்டுப் பெண் அல்ல என்றது. 2007இல் அருகிலேயே மிச்ச இருவரும் கிடைத்தார்கள். இனி அவளைத் தப்பவைக்க மந்திரம்தான் வேண்டும். 2019இல் வந்த ஓர் இளையோர் நாவல் அதைத்தான் கையில் எடுத்தது.

எனக்குப் பிடித்தவை வேறு. கரோலின் மேயர் 2000இல் அனஸ்தாசியாவின் நாட்குறிப்பாகவே ஒரு நாவல் எழுதினார். சாரா மில்லர் 2011இல் நான்கு அக்கா தங்கைகளையும் மாறிமாறிப் பேசவிட்டார். முடிவு வாசகருக்குத் தெரியும். அதனால் எழுதுகிறவர் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். அங்கே என்ன இல்லை? வெளியே தெரியாதபடி வெள்ளையடித்த ஜன்னல் கண்ணாடிகள். அம்மையில் விழுந்தபோது மழித்து, அரையும் குறையுமாக வளர்ந்த தலைமுடி. சமையற்காரரிடம் ரொட்டி சுடக் கற்றுக்கொண்ட இளவரசிகள். கடிதத்தில் 'மருந்து' என்று எழுதினால் நகை என்று அர்த்தம். அதை உள்ளாடைக்குள் வைத்துத் தைத்தார்கள். தோட்டா பட்டும் அவர்கள் உடனே சாகாததற்கு அந்தத் தையலும் ஒரு காரணம்.

இந்தப் பிள்ளைகளுக்காக அழவைப்பதோடு ஒரு புத்தகம் நின்றுவிட்டால் எனக்கு மனம் ஒப்பாது. 1905இல் ஜாரிடம் மனுக் கொடுக்க அரண்மனைக்கு நடந்த தொழிலாளர்களும் சுடப்பட்டார்கள்; அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். கேண்டஸ் ஃபிளெமிங் 2014இல் இளையோருக்கு எழுதிய வரலாறு, அரண்மனைக் கதையின் நடுவே ஏழைகளின் குரலையும் கொண்டுவந்து வைக்கிறது. நாவல்களும் அந்த இடத்துக்கு வரவேண்டும்.

மறுபடி அந்த வீட்டுக்கு வருகிறேன். 1918 ஜூலை 15, திங்கட்கிழமை; கொலைக்கு இரண்டு நாள் முன். தரை கழுவ வெளியிலிருந்து பெண்கள் வந்தார்கள். காவலர்கள் பேச்சுக் கொடுக்க விடவில்லை. இளவரசிகள் நால்வரும் கட்டில்களை நகர்த்திக் கொடுத்தார்கள். காவலர் அந்தப் பக்கம் போனதும் வந்தவர்களோடு மெல்லப் பேசிச் சிரித்தார்கள்.