சிப்பமும் திசைவியும்

மண்ணச்சநல்லூர் என்றவுடன் நம் நினைவில் எழுவது அரிசியாலைகளின் ஓசையே. ஆலையினின்று அரிசி குவியலாக வெளிச்செல்வதில்லை. சிப்பங்களாகக் கட்டுண்டே செல்கின்றது. கணினிகள் தம்முள் பரிமாறிக்கொள்ளும் செய்தியும் அத்தகையதே. நீண்டதொரு செய்தி சிறு சிறு சிப்பங்களாகப் பகுக்கப்பெற்று, ஒவ்வொன்றும் சேருமிடத்தின் முகவரி தாங்கிச் செல்கின்றது. அவற்றை ஏற்று உரிய வழியில் விடுக்குங் கருவி திசைவி. ரூட்டர் என உலகோர் வழங்குவது இதுவே. சிப்பத்தின் அளவு ஒவ்வாதவிடத்து இரு திசைவிகளின் தொடர்பு எங்ஙனம் தடைப்படுகின்றது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

திசைவியின் ஒவ்வொரு வாயிலுக்கும் ஓர் அளவெல்லை உண்டு. ஈதர்நெட் எனும் முறையில் அது பெரும்பாலும் 1500 பைட்டு. பெருந்தரவு நிலையங்களில் இதனை 9000 வரை உயர்த்துவதும் உண்டு. தொலைபேசிக் கம்பி வழியே வரும் இணைப்புகள் பலவற்றில், பி.பி.பி.ஓ.இ. என்னும் முறை தன்பொருட்டு 8 பைட்டைக் கொள்ளுதலின், எஞ்சுவது 1492 ஆகும்.

இனி, மண்ணச்சநல்லூர் ஆலையொன்றில் ஒரு திசைவியும், திருச்சிக் காந்தி மார்க்கெட்டுக் கடையொன்றில் மற்றொரு திசைவியும் நேரே பிணைக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். ஆலையிலுள்ளதன் எல்லை 9000. கடையிலுள்ளதன் எல்லை 1500. வழிகளைத் தாமே அறிந்துகொள்ளுதற்கு அவை ஓ.எஸ்.பி.எப். என்னும் நெறியைக் கையாள்கின்றன. ஜான் மாய் என்பார் 1998-ஆம் ஆண்டில் தொகுத்த ஆவணம் இந்நெறியின் இரண்டாம் பதிப்பை விளக்குகின்றது.

இந்நெறிப்படி இரு திசைவிகளும் வழக்கமாக 10 விநாடிக்கொருமுறை ஒன்றற்கொன்று வணக்கம் கூறும். அவ்வணக்கம் மிகச் சிறியது. தன் அளவெல்லையைப்பற்றி ஒன்றும் உரையாதது. ஆகவே தடையின்றிச் சென்று சேரும். அடுத்து, தாம் அறிந்த வழிகளின் பட்டியலை மாற்றிக்கொள்ள முற்படும். அப்பட்டியலிலேதான் அனுப்புவோனது அளவெல்லை குறிக்கப்பட்டிருக்கும். 9000 எனக் கண்ட கடைத்திசைவி, தன்னால் ஏற்கலாகாதெனப் பட்டியலைத் தள்ளிவிடும். ஆலைத்திசைவி மீண்டும் அனுப்பும். அது மீண்டும் தள்ளும். வணக்கமோ ஓயாது நிகழ்ந்துகொண்டிருக்கும், வழிமட்டும் பிறவாது!

காண்போர் மயங்குவதும் இவ்விடத்தேதான். விளக்குகள் ஒளிர்கின்றன, சிறு சோதனைச் செய்திக்கு அண்டைத் திசைவி மறுமொழி தருகின்றது. எனவே கம்பியிற் குறையில்லை என்பர், அஃது உண்மையே. குறை அளவில் உள்ளது. பிரிக்கலாகாது எனக் குறியிட்டு, 1472 பைட்டுச் சோதனைச் செய்தி விடுத்தல் நன்று. தலைப்புக் கூறுகள் 28 சேர, 1500 ஆகும். அது சென்று, 1473 செல்லாதாயின் எல்லை 1500 எனத் துணியலாம்.

தீர்வு யாது? இரு வாயில்களுக்கும் ஒரே அளவை அமைத்தலே. அளவொப்புச் சோதனையைக் கைவிடுமாறு திசைவிக்கு ஆணையிடும் வழியும் ஒன்றுண்டு. அதனால் இணைப்புக் கூடியதுபோலத் தோன்றலாம். ஆயின் பின்னர்ப் பெருஞ்சிப்பம் வருங்கால் அது வாயிலில் அழியும். நோயைத் தீர்த்தல் வேறு, நோய் காட்டுங் குறியை மறைத்தல் வேறு அன்றோ?

இஃது ஆலைக்கும் கடைக்கும் மட்டும் உரிய செய்தியன்று. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழையால் இணைக்கப் பாரத்நெட் திட்டம் வகுக்கப்பட்டது. மண்ணச்சநல்லூர் ஒன்றியத்து ஊராட்சிகளும் அவற்றுள் அடங்கும். இழை புதைத்தல் பெரும்பணியே. எனினும் அதன் இரு முனையிலும் அளவு ஒத்தாலன்றிச் சிற்றூர் மாணவனது விண்ணப்பமும் உழவனது கணக்கும் உரிய இடம் சேரா.

பெரிதும் சிறிதுமாக இருவகை நிறைகல்லை ஒரே பையில் வைத்தலை மறைநூல் கடிகின்றது. வணிகத்திற்குரிய அவ்வறம் வலையமைப்புக்கும் பொருந்துவதாக யாம் கருதுகின்றோம். வணக்கம் கூறுதல் எளிது. ஒரே அளவைக்கு உடன்படுதலே உண்மையான இணைப்பு.