புறம்போக்கில் ஓடிய கார்கள்

'கைவிடப்பட்ட விமானத்தளம்' என்கிற சொற்சேர்க்கையை நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். கைவிட்டது யார், யாரிடமிருந்து எடுத்த நிலத்தை, எடுக்குமுன் அதில் என்ன விளைந்தது என்கிற கேள்விகளையெல்லாம் அந்தச் செயப்பாட்டு வினை சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. மோட்டார் பந்தயத்தின் வரலாற்றில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும். கார் பந்தயம் பணக்காரன் விளையாட்டு, அதில் நமக்கென்ன ஜோலி என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் நிலம், அதிகாரம், ஓய்வு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்திருக்கின்றன என்று பார்க்க இதைவிடத் தோதான இடம் குறைவு.

இங்கிலாந்தில் பொதுச்சாலையில் பந்தயம் விடச் சட்டம் இடம் தரவில்லை. அதனால்தான் 1907இலேயே புரூக்லண்ட்ஸில் தனி ஓடுதளம் கட்டினார்கள். இரண்டாம் உலகப்போர் வந்தபோது அது விமானத் தொழிற்சாலைகளின் வளாகமாயிற்று. 1946இல் விக்கர்ஸ் கம்பெனிக்கே விற்கப்பட்டது. டொனிங்டன் பூங்காவின் ஓடுதளம் ராணுவ வண்டிகள் நிற்கும் கிடங்கானது. இப்படி, இருந்த களங்களைப் போர் எடுத்துக்கொண்டது. பதிலுக்கு, தான் கேட்காமலே, வேறு களங்களை விட்டுப்போனது. வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் கையகப்படுத்திப் போட்ட நூற்றுக்கணக்கான விமானத்தளங்கள் அவை. குறுக்கும் நெடுக்குமாக மூன்று ஓடுபாதைகள், அவற்றைச் சுற்றி விமானங்கள் ஊர்ந்துபோக ஒரு வளையச் சாலை என்பது பெரும்பாலான தளங்களின் அமைப்பு. அந்த வளையமே பின்னால் பந்தயப் பாதையானது.

நார்தாம்ப்டன்ஷயர் எல்லையிலுள்ள சில்வர்ஸ்டோனைப் பாருங்கள். 1943இல் திறக்கப்பட்ட இந்தத் தளத்தில் வெலிங்டன் குண்டுவீச்சு விமானங்களுக்கு ஆட்களைப் பழக்கினார்கள். 1947 செப்டம்பரில் கார்ப் பித்துப் பிடித்த நண்பர்கள் சிலர் யாரிடமும் அனுமதி கேட்காமல் உள்ளே போய்ப் பந்தயம் விட்டார்கள். மாரிஸ் கேகன் என்பவரின் கார் ஓர் ஆட்டின் மீது மோதியது. ஆடும் போச்சு, காரும் போச்சு. அதை 'ஆட்டிறைச்சி கிராண்ட் பிரீ' என்று இன்றும் சிரித்தபடி சொல்கிறார்கள். எனக்கு அந்த ஆடுதான் முக்கியமாகப் படுகிறது. கைவிடப்பட்டது என்று சொன்ன இடத்தில் ஆடு மேய்ந்திருக்கிறது. அதாவது அந்த நிலம் பயன்பாட்டில்தான் இருந்திருக்கிறது. அந்தப் பயன்பாடு அரசின் கணக்கில் ஏறவில்லை, அவ்வளவுதான். நம்மூர்ப் பாஷையில் சொன்னால் புறம்போக்கு.

புறம்போக்கில் சில நல்ல காரியங்களும் நடக்கும். 1946இல் பிரிஸ்டல் பக்கத்து ஆர்வலர்கள் 500 சிசி மோட்டார் சைக்கிள் என்ஜினை வைத்து மலிவாகப் பந்தயக் கார் செய்யலாம் என்று கிளம்பினார்கள். பெட்ரோல் ரேஷன் 1950 மே வரை நீடித்த காலம் அது. கிடைத்த பழைய சாமான்தான் கச்சாப்பொருள். அதே 1946இல் சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும் இரண்டு பழைய பியட் கார்களின் முன்பாகங்களை ஒட்டவைத்து ஒரு வண்டி செய்தார்கள். மோட்டார் சைக்கிள் என்ஜின் செயினால் பின்சக்கரத்தை இழுக்க வேண்டும். அதனால் என்ஜினை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். தத்துவம் ஒன்றுமில்லை, கைக்கு எட்டிய வசதி. 1959, 1960 இரண்டு ஆண்டுகளிலும் ஜாக் பிராபம் உலகப்பட்டம் வென்றது பின்பக்க என்ஜின் வைத்த கூப்பர் காரில்தான். பெரிய கம்பெனிகள் அதற்குப் பிறகு இந்த வழிக்கு வந்தன. பட்டறையிலிருந்து மேலே போன அறிவு இது.

ஆனால் இதைச் சுதந்திரத்தின் கதையாடலாக மட்டும் கொண்டாட எனக்கு மனசு வரவில்லை. 'அமெச்சூர்' என்ற சொல் இங்கிலாந்தில் ஒரு வர்க்க அடையாளமும்கூட. கூலி வாங்காமல் விளையாட முடிகிறவன் என்று அதற்குப் பொருள். தவிர, அந்த இடைவெளி நீடித்ததும் கொஞ்ச காலம்தான். 1948இல் ராயல் ஆட்டோமொபைல் கிளப் விமான அமைச்சகத்திடமிருந்து தளத்தைக் குத்தகைக்கு எடுத்தது. அக்டோபர் 2ஆம் தேதி, வைக்கோல் கட்டுகளும் எண்ணெய்ப் பீப்பாய்களும் எல்லை காட்ட, கிராண்ட் பிரீ நடந்தது. இத்தாலியின் வில்லோரேசி வென்றார். 1950 மே 13இல் உலகப் பட்டத்துக்கான முதல் பந்தயத்தை அங்கே பார்க்க ஆறாம் ஜார்ஜ் மன்னரே வந்தார். ஆடு செத்த இடத்துக்கு அரசர் வந்துசேர மூன்று வருஷம்கூட ஆகவில்லை. 500 சிசி வண்டிகளையும் அதே 1950இல் 'பார்முலா மூன்று' என்று சர்வதேச விதிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். 1971இல் பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர் சங்கம் நிலத்தை விலைக்கே வாங்கிவிட்டது. போருக்காகவென்று எடுத்த நிலம் போர் முடிந்தும் வேறு கைக்குத்தான் போனது.

நமக்கும் இப்படி ஒன்று உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் அதே போருக்காகப் போட்ட ஓடுதளத்தில் 1950களிலிருந்து 1980களின் இறுதிவரை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் பியட், ஹெரால்டு வண்டிகளைப் பட்டறைகளில் பிரித்து மேய்ந்து வேகமேற்றினார்கள். கோவை ஆலை முதலாளி குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்தார். ஓட்டிய மகாராஜாக்களின், தொழிலதிபர்களின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. ஸ்பேனர் பிடித்த கைகளின் பெயர்கள் அவ்வளவாக இல்லை. 1990இல் கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தன் சொந்தத் தளத்துக்குப் போய்விட்டது. அதே பகுதியில் சில வருஷங்களில் சிப்காட்டும் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலையும் எழுந்தன.

விளையாட்டு கூடாது என்பதல்ல என் வாதம். அரசும் மூலதனமும் கண் அசந்த இடத்தில்தான் மனிதர்கள் கற்பனையோடு விளையாடுகிறார்கள், கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் அந்த இடத்தை முதலில் வெறுமையாக்கியது ஒரு பறிமுதல் என்பதை விளையாடுகிறவனும் அறிய வேண்டும். 'தரிசு', 'உபயோகமற்றது', 'சும்மா கெடக்குற இடந்தானே' என்று ஒரு நிலத்தைப் பற்றி எந்தக் கோப்பில் எழுதினாலும், எழுதியவரின் பெயரை மட்டும் படித்துவிட்டு நிற்கக் கூடாது. நேற்றுவரை அங்கே எது மேய்ந்தது, யார் மேய்த்தார் என்று கேட்கவேண்டியிருக்கிறது.