வாசனை மறந்த புழு

சி. எலிகன்ஸ் என்ற புழு ஒரு மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். கண் கிடையாது. தட்டின் ஓர் ஓரத்தில் அதற்குப் பிடித்த வாசனைப் பொருளில் ஒரு துளி வைத்தால், நெளிந்து நெளிந்து அங்கே போய்விடும். ஆனால் ‘ஏடார்’ என்ற நொதிக்கான இரண்டு மரபணுக்களும் பழுதான புழுக்கள் தடுமாறுகின்றன. உயிரோடுதான் இருக்கின்றன, ஊர்கின்றன. வாசனையின் திசை மட்டும் பிடிபடுவதில்லை.

மரபணுவிலிருந்து நகலாகும் ஆர்.என்.ஏ. வழக்கமாக ஒற்றை இழை. சில இடங்களில் அது தன்மேலேயே மடங்கி, ஜிப்பின் பற்கள் கோத்துக்கொள்வதுபோல இரட்டை இழையாகிவிடும். இரட்டை இழையைக் கண்டால் செல்லுக்குச் சந்தேகம். பல வைரஸ்கள் பெருகும்போது இப்படித்தான் தென்படும். டைசர் என்ற நொதி அதைப் பிடித்து, சுமார் இருபத்திரண்டு எழுத்து நீளமுள்ள துண்டுகளாக நறுக்கும். ஆர்கோநாட் என்ற புரதம் அந்தத் துண்டை ஏந்திக்கொண்டு, அதோடு பொருந்தும் ஆர்.என்.ஏ.க்களைத் தேடிப்பிடித்து முடக்கும். மரபணு அப்படியே இருக்கும், அதன் குரல் அடங்கிவிடும். இரட்டை இழைக்கு இந்த வல்லமை உண்டு என்று 1998இல் இதே புழுவில் காட்டியவர்கள் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெலோவும். 2006இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஏடார் தேடுவதும் அதே இரட்டை இழையைத்தான். அது வெட்டாது, திருத்தும். அடினோசின் என்ற எழுத்தின் அமினோ தொகுதியைக் கழற்றி இனோசின் ஆக்கிவிடும். எதிர் இழையின் யுரிடினோடு அடினோசினுக்கு இருந்த கச்சிதமான பிடி இனோசினுக்கு இல்லை. பற்கள் பல இடங்களில் இப்படித் தளர்ந்துவிட்டால் டைசரால் சரியாக நறுக்க முடியாது.

திருத்தம் தடுப்பதோடு நிற்பதில்லை. மரபணுக்களை அடக்கும் மிஆர்-376 என்ற குறு ஆர்.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து திருத்தப்பட்டால், அது அடக்கும் மரபணுக்களே வேறாகிவிடுகின்றன. எலி மூளையில் இது நடப்பதை 2007இல் கண்டார்கள். ஒற்றை எழுத்துக்கு இவ்வளவு செல்வாக்கா என்று இன்றும் எனக்கு வியப்புத்தான்.

சரி, புழு ஏன் தடுமாறியது? ஏடார் இல்லாததால், காப்பாற்றப்பட வேண்டிய ஆர்.என்.ஏ.க்கள் டைசரிடம் சிக்கிவிட்டனவா? அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பிரெண்டா பாஸின் குழு 2003இல் இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஏடார் இல்லாத அந்தப் புழுக்களில் மரபணுவை அடக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தே முடக்கினார்கள். ஒரு பழுதுக்கு மேல் இன்னொரு பழுது. புழுக்கள் பழையபடி வாசனையை நோக்கி நெளிந்து போயின.